கீழடிக் கரித்துண்டுக்கு இங்கேயே ஒரு முடுக்கி வேண்டும்

அகழாய்வுக் குழியில் கரித்துண்டு ஒன்று தலைகாட்டிவிட்டால் வேலையின் வேகமே மாறிவிடும். மண்வெட்டி ஒதுங்கிக்கொள்ளும், கரணையும் தூரிகையும் வரும். வெறுங்கை படக் கூடாது. இடுக்கியால் எடுத்து, அலுமினியத் தாளில் பொதிந்து, குழி எண், மண்ணடுக்கு, ஆழம் என எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள். நகக்கண் அளவுள்ள அந்தக் கரிதான் தமிழக வரலாற்றைப் பின்னோக்கி நகர்த்தியது. கீழடியின் நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 580 என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. சிவகளை அகழாய்வில் கிடைத்த தாழியில் இருந்த நெல்லும் அங்கேதான் போனது. அதன் காலம் கி.மு. 1155 என்று 2021இல் தெரிந்தது.

தமிழ்நாடு அரசு தன் செலவில், ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், தொல்லியலுக்கென்றே ஒரு துகள் முடுக்கிக் கூடத்தை அமைக்க வேண்டும். ஆறு மாதிரிகள் போதவில்லை என்பதே இதற்கு முதல் காரணம்.

உயிருள்ளவரை ஒரு மரம் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். அதில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்று கார்பன்-14. மரம் மாண்டபின் அது தேயத் தொடங்கும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும். பழைய முறையில், அது சிதையும்போது எழும் கதிர்வீச்சுக்காகக் காத்திருந்து எண்ணினார்கள். அதற்குக் கிராம் கணக்கில் கரி வேண்டும். முடுக்கி அப்படிக் காத்திருப்பதில்லை. கார்பன் அணுக்களை மின்னழுத்தத்தால் விரைவுபடுத்தி, காந்தத்தால் வளைத்து, எடை வாரியாகப் பிரித்து, கார்பன்-14ஐ நேரடியாகவே எண்ணிவிடுகிறது. ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். ஒற்றை நெல்மணிக்கு வயது சொல்ல முடிவது இதனால்தான். வயிரமேறிய பழைய கட்டையின் கரியைவிட, ஒரே பருவத்தில் விளைந்த நெல் நம்பகமான சாட்சியும்கூட.

ஆனால் கீழடி பேசும் காலத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கி.மு. 800 முதல் 400 வரை காற்றிலிருந்த கார்பன்-14 மாறிய விதத்தால், கி.மு. 750இல் வெட்டிய மரமும் கி.மு. 450இல் வெட்டிய மரமும் இன்று ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டுகின்றன. உலகெங்கும் தொல்லியலாளர்களைப் படுத்தும் இடர்ப்பாடு இது. கி.மு. 580 இதன் நட்டநடுவே விழுகிறது. ஆகவே ஒற்றை மாதிரியின் விடை எவ்வளவு துல்லியமான கருவியில் கிடைத்தாலும் அகலமான கால எல்லையாகவே இருக்கும். ஒரே குழியில் மேலிருந்து கீழாக, அடுக்குக்கு அடுக்கு, டஜன் கணக்கில் மாதிரிகளை அளந்து, எது முன், எது பின் என்ற மண்ணின் வரிசையோடு பொருத்தினால்தான் அந்த எல்லை சுருங்கும். ஒவ்வொன்றையும் கட்டணம் கட்டிக் கடல் தாண்டி அனுப்புகிறவர்கள் மாதிரிகளை எண்ணி எண்ணித்தான் அனுப்புவார்கள்.

கீழடியின் முதல் இரு கட்ட அறிக்கையைத் திருத்தித் தரும்படி இந்தியத் தொல்லியல் துறை 2025இல் கேட்டது. இன்னும் அறிவியல் சான்று வேண்டும் என்றார் ஒன்றிய அமைச்சர். அந்தப் பேச்சின் அரசியலை நாம் ஏற்கவில்லை. ஆனால் சான்றைப் பெருக்குவதைவிட வலுவான பதில் வேறில்லை.

சொந்தக் கூடத்தின் முடிவை யார் நம்புவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1988இல், இயேசுவின் உடலைப் போர்த்தியதாக நம்பப்படும் டூரின் சவத்துணியின் துண்டுகளை ஆக்ஸ்ஃபோர்டு, சூரிச், அரிசோனா என மூன்று கூடங்களில் தனித்தனியே அளந்தார்கள். 2025 ஜனவரியில் வெளியான இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கைக்காகத் தமிழகத் தொல்லியல் துறையும் புளோரிடா, லக்னோ, அகமதாபாத் என மாதிரிகளைப் பகிர்ந்தளித்தது. அந்த நல்ல வழக்கம் தொடரட்டும். நம் கூடம் அந்த வரிசையில் இன்னொன்றாக நிற்கும்.

காலக்கணிப்பு மட்டுமல்ல. பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தின் அடியில் 1988 முதல் 'அக்லே' என்ற முடுக்கி இயங்குகிறது. பாபிலோனில் கிடைத்த ஒரு சிறு பெண்சிலையின் கண்களிலும் தொப்புளிலும் சிவப்புக் கற்கள் இருந்தன. சிலையிலிருந்து எதையும் சுரண்டவில்லை. புரோட்டான் கற்றை கல்லைத் தொட்டதும் கிளம்பிய எக்ஸ் கதிர்களைப் படித்தே, அவை மாணிக்கம், பர்மாவிலிருந்து வந்தவை என்று சொல்லிவிட்டார்கள். பிரான்ஸை ஆண்ட மெரோவிஞ்சிய அரசமரபின் கால நகைகளில் பதித்த கார்னெட் கற்களில் பல இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தவை என்று காட்டியதும் இதே கருவி. நம் கடல் வணிகத்தின் ஒரு பக்கத்தைப் பாரிஸ் படித்துச் சொல்கிறது. கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பச்சைக்கல் பக்கத்திலுள்ள படியூரிலிருந்து வந்ததா என்று, ஒரு மணியைக்கூட உடைக்காமல், நாம் கேட்டுப் பார்க்க வேண்டாமா?

முடுக்கி என்றதும் கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம் தோண்ட வேண்டும் என்று மலைக்க வேண்டியதில்லை. சூரிச்சில் உருவாக்கிய கார்பன் அளவி ஒன்று மூன்று மீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடுகிறது; கல்லூரி வகுப்பறை ஒன்று போதும். கல்பாக்கத்தில் அணு உலைப் பொருள்களை ஆராயும் 1.7 மெகாவோல்ட் முடுக்கி ஏற்கெனவே உண்டு. அதை இயக்கத் தெரிந்தவர்களும் உண்டு. அவர்களிடம் நம் இயற்பியல் மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்ப ஒன்றிய அணுசக்தித் துறையிடம் மாநில அரசு இப்போதே பேச வேண்டும். கூடத்துக்கான முதல் ஒதுக்கீடு வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இடம்பெற வேண்டும். கட்டி முடியும்வரை டெல்லி, அகமதாபாத் முடுக்கிக் கூடங்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மண்ணடுக்கிலிருந்தும் குறைந்தது மூன்று மாதிரிகளை அளக்கும் வழக்கத்தை அடுத்த அகழாய்வுப் பருவத்திலேயே தொடங்கலாம்.