அங்கே யார் படிக்கிறார்கள் என்று கேட்கிறோமே

மே மாதம் பிறந்தால் போதும், மயிலாடும்பாறையில் டீக்கடை பெஞ்சிலும் கேட்பார்கள், காதுகுத்து வீட்டுப் பந்தியிலும் கேட்பார்கள்: “பிள்ளையை எங்கே சேர்க்கப் போறீங்க?” ஊர்த் தொடக்கப் பள்ளியைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறும். “அங்கேயா? அங்கே யார் படிக்கிறா?” பக்கத்து இலையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையின் காதில் இதெல்லாம் விழாது என்று நாம் எப்படி நம்புகிறோம்?

யார் படிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா என்ன? கேரளத்துக்குத் தோட்ட வேலைக்குப் போனவர்கள் பாட்டியிடம் விட்டுப்போன பிள்ளைகள், கூலிக்குப் பருத்தி எடுப்பவர்களின் பிள்ளைகள், காலனிப் பிள்ளைகள். அந்தக் கேள்வியில் படிப்பு எங்கே இருக்கிறது? சாதியையும் கூலியையும்தானே கேட்கிறோம்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே சாதியின் பேரால் வீடு புகுந்து வெட்டியபோது பதறினோம். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களின் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் அது தொடுவதால், நம் பக்கத்தில் எதிர்ப்பு கிளம்பியது. அந்தச் சர்ச்சையைத் தனியே பேசிக்கொள்ளலாம். பலகையில் உள்ள பெயரை அரசு ஆணை போட்டு மாற்ற முடியும். பந்தியில் நாம் கேட்கிற கேள்வியை எந்தக் குழு வந்து நிறுத்தும்?

காலை ஏழு மணி. தூக்கம் கலையாத பிள்ளைக்கு ஷூ மாட்டுகிறோம், டை கட்டுகிறோம், ஐடி கார்டைக் கழுத்தில் தொங்கவிடுகிறோம். இட்லியைப் பிட்டு வாயில் திணித்தால், மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே வேனில் ஏறுகிறான். கடமலைக்குண்டு தாண்டுவதற்குள் ஜன்னலில் தலை சாய்ந்துவிடும். நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஊர்ப் பள்ளியில் சற்று நேரத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சூடாகப் பொங்கலும் சாம்பாரும் சாப்பிடுவார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்துவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வயிறு நிறைவதும் தூக்கம் நிறைவதும் படிப்பில் சேர்த்தி இல்லையா?

சாயங்காலம் டயரியைத் திறக்கிறோம். “பீகாக் இஸ் அவர் நேஷனல் பேர்ட்” என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான், நமக்குப் பூரிப்பு. நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து “இது என்ன?” என்று கேட்டால், வரியை முதலிலிருந்து மறுபடி ஒப்பித்து அந்த இடத்துக்கு வந்துசேரப் பார்க்கிறான். பஸ்ஸின் நெற்றியில் பெரிதாக எழுதியிருக்கும் ‘வருசநாடு’ என்ற பெயரை எழுத்துக் கூட்டவும் வரவில்லை. ரிப்போர்ட் கார்டில் ஏ பிளஸ். டியூஷன் முடிந்து வந்து, “மிஸ் அடிப்பாங்கம்மா” என்று அழுகிறவனிடம், “எவ்வளவு பீஸ் கட்டியிருக்கோம் தெரியுமா?” என்கிறோம். இலவங்காய் விற்ற காசையும் நகைக்கடன் வட்டியையும் ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏன் ஏற்றுகிறோம்?

அண்ணனுக்கு வேன், தங்கைக்கு ஊர்ப் பள்ளி என்று பிரித்து அனுப்புகிற வீடுகளும் நம்மிடையே உண்டு. அந்தச் சிறுமி தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வாள்?

ஆங்கிலம் வர வேண்டும் என்ற ஆசையில் தப்பே இல்லை. ஊர்ப் பள்ளியில் குறையே கிடையாது என்றும் நான் சொல்லவில்லை. 2024ஆம் ஆண்டின் ஏசர் ஆய்வுப்படி, நாட்டின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் ஏறத்தாழ 23 சதவீதம்தான். ஆனால் பீஸ் வாங்கும் பள்ளிகளிலும் அது 36 சதவீதத்தை எட்டவில்லை. அந்த வித்தியாசத்திலும் வீட்டின் வசதிக்குப் பங்கு உண்டு. ஆந்திரக் கிராமங்களில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் செய்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்து, தனியார் பள்ளியில் படிக்க உதவித்தொகை கொடுத்தார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தால், தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. தனியார் பள்ளியில் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்த இந்தியில் மட்டும் முன்னே இருந்தார்கள். அப்படியென்றால் நாம் எதற்குக் காசு கட்டுகிறோம்? படிப்புக்கா, பக்கத்து பெஞ்சில் யார் உட்கார்கிறார்கள் என்பதற்கா?

“ரெண்டே வாத்தியார், அஞ்சு வகுப்பு, எப்படிப் படிக்கும்?” என்கிறோம். நியாயமான கவலைதான். அந்த இரண்டு எப்படி வந்தது என்று யோசித்தோமா? கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி தலைகளை எண்ணுவார்கள். நம் தெருவிலிருந்து நாலு பிள்ளை வேன் ஏறிவிட்டால், மூன்றாவது ஆசிரியர் ‘உபரி’ ஆகிவிடுவார். பணி நிரவலில் வேறு ஊருக்குப் போய்விடுவார். அவரை அனுப்பிவைத்ததில் நமக்கும் பங்கு உண்டு.

ஆறாம் வகுப்பு வந்ததும் நம்மில் பலர் அதே பிள்ளையை அரசுப் பள்ளிக்குக் கூட்டிவருகிறோம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பில் நம்புகிற அரசுப் பள்ளியை ஒன்றாம் வகுப்பில் ஏன் நம்ப முடியவில்லை?

இந்த ஜூனில் சேர்க்கைக்கு முன் ஒரு நாள் ஊர்ப் பள்ளிக்குள் போய் உட்காருவோம். அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பாடம் நடத்தாத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்வோம். வேன் ஏறிப் போகிற நம் பிள்ளையையும் அதே பக்கத்தை வாசிக்கச் சொல்வோம். குறை இருந்தால் கேட்பதற்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர்களே இருக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளை அங்கே படித்தால்தான் அதில் நமக்கு இடம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர்கள் மட்டுமே அந்தக் குழுவில் மிஞ்சினால், “ஏன் வாசிக்க வரவில்லை?” என்று யார் போய்க் கேட்பது?