படத்தின் பின்பக்கம்



சென்ற மாதம் போனக்காடு போய்வந்தேன். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலை ஏறினால், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். 1868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்குப் போகிறவர்கள் இங்கிருந்துதான் நடையைத் தொடங்குவார்கள். கரமனை ஆறு பிறக்கும் மலைகள் இவை. இங்கே ஓடையாக இறங்கும் தண்ணீர் பேப்பாறை அணையிலும் அருவிக்கரை அணையிலும் தங்கி, திருவனந்தபுரத்து வீட்டுக் குழாய்களுக்குப் போகிறது. தலைமுறை தலைமுறையாக இந்தச் சரிவில் கொழுந்து கிள்ளியவர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம்.

பழைய ஆங்கிலப் பதிவுகளில் இந்தத் தோட்டத்தின் பெயர் ‘போன் அக்கார்டு’. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து இலச்சினையில் இருக்கும் சொல்லும் இதுவே. துரைமார் வைத்த அந்தப் பெயர் நம் ஆட்களின் வாயில் போனக்காடு ஆகிவிட்டது. பிழைக்கப் போன காடு என்று காதில் விழும்போது, எனக்கு அதுவே சரியான பெயராகப் படுகிறது.

கிளம்புவதற்கு முன் போனக்காட்டின் பழைய படங்கள் ஏதாவது கிடைக்குமா என்று கணினியில் தேடினேன். வந்து நின்றவை எல்லாம் ஒரு பாழடைந்த பங்களாவின் படங்கள். அங்கே வெள்ளைக்காரத் துரை ஒருவரின் மகள் ஆவியாக உலவுவதாக ஒரு கதை உண்டு. அந்தக் கதைக்காக இளைஞர்கள் மலை ஏறுகிறார்கள். உடைந்த சன்னலையும் இருண்ட அறையையும் படம்பிடித்துப் போடுகிறார்கள். பங்களாவுக்குக் கீழே, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் பிறந்து, பிள்ளை பெற்று, முதுகில் கூடை சுமந்து, அங்கேயே மண்ணுக்குப் போனவர்களின் முகம் ஒன்றுகூட என் தேடலில் அகப்படவில்லை. மனசு கனத்துப் போயிற்று. அந்தக் கனத்தோடுதான் பேருந்து ஏறினேன்.

இந்த நூற்றாண்டு பிறந்த நாளிலிருந்தே நலிந்துகொண்டு வந்த தோட்டம் அது. தொழிற்சாலை ஓய்ந்துவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வரிசை வரிசையாகச் சன்னல் வைத்த மாடிக் கட்டடமாக இருக்கும். பறித்து வந்த இலையை மேல்தளத்தில் பரப்பி, காற்றில் வாட வைத்த பிறகே உருளைக்கு அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் அத்தனை சன்னல்கள். நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போட்டால் ஒரு கிலோ தூள் தேறும். அந்த நான்கு கிலோவும் இரண்டிலை ஒரு குருத்தாக விரல் நுனியில் வந்தவை. இப்போது உள்ளே மழை ஒழுகுகிறது.

லயத்தில் ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டியவர். நான் வந்த காரியத்தைச் சொன்னதும், கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் தகர டப்பாவை இழுத்து வைத்தார். ரேஷன் கார்டு, பழைய சம்பளச் சீட்டுகள், அவற்றின் நடுவே பதினான்கு படங்கள். ஸ்டூடியோவில் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் விறைத்து நிற்கும் கல்யாண ஜோடி. கோயில் கொடைக்குப் பந்தல் போட்ட இடம். மொட்டை போட்ட குழந்தை. சாவு வீட்டில் நாற்காலியில் உட்கார வைத்த ஒரு பெரியவரைச் சுற்றி முழுக் குடும்பமும் கேமராவைப் பார்த்தபடி.

பிறகு அந்தப் படம். தொழிற்சாலைச் சுவர், பன்னிரண்டு பெண்கள், முதுகில் கூடை, இடுப்பில் சுற்றிய சாக்கு. வெயில் முகத்தில் அடித்ததால் எல்லோருடைய கண்களும் சுருங்கியிருக்கின்றன. ஒருத்தி மட்டும் சிரிக்கிறாள். எந்த வருஷம் எடுத்தது என்று கேட்டேன்.

“வருஷமெல்லாம் தெரியாது சார். போனஸ் போட்ட அன்னைக்கு எடுத்தது. மூத்தவன் அப்ப வயித்துல.”

மூத்தவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு. கணக்கு அங்கேயே முடிந்தது. எந்த ஆவணக் காப்பகமும் இதைவிடத் துல்லியமாக அந்தப் படத்துக்குத் தேதி போட்டிருக்காது.

இடமிருந்து வலமாக விரலை நகர்த்தி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். இவ என் நாத்தனா. இவ அஞ்சாம் நம்பர் லயத்துக்காரி, செங்கோட்டைப் பக்கம். இவ கையி மாதிரி ஒரு கையி கொழுந்துக்கு இந்தத் தோட்டத்துலயே கெடையாது. ஒன்பது பேரைப் பெயரோடு சொன்னார், இரண்டு பேரைப் பட்டப்பெயரோடு. சிரிக்கிறவளிடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. “வாயிலதான் நிக்கி, வர மாட்டேங்கு” என்று இரண்டு மூன்று முறை சொன்னார். திருப்பிப் பார்த்தேன். படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை அழிந்து ஒரு நீலக் கறை மட்டும் இருந்தது.

அன்று இரவு எனக்கு ஜூலியா மார்கரெட் கேமரான் நினைவு வந்தது. புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான அந்த ஆங்கிலப் பெண்மணி 1875-இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். அங்கே வேலை செய்த தமிழர்களைப் படமெடுத்தார். 1879-இல் திக்கோயாப் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்தில் இறந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசனும் டார்வினும் எல்லோரும் அறிந்த முகங்கள், அவர்களை விடுங்கள். அவர் வீட்டில் வேலைக்கு இருந்த மேரி ஹில்லியரைப் பல படங்களில் மாதாவாக நிற்க வைத்தார். அந்தப் பணிப்பெண்ணின் பெயர் இன்று கலை வரலாற்றில் இருக்கிறது. இலங்கைப் படங்களில் நிற்கும் நம் பெண்களுக்கோ அருங்காட்சியகச் சீட்டில் ‘தோட்டத் தொழிலாளர்கள்’ என்பதோடு சரி. அதே கேமரா, அதே கை, அதே பரிவான வெளிச்சம். பெயரைக் கேட்டு எழுதி வைக்க ஒருவரும் இல்லை. பின்னால் வந்த தபால் அட்டைகளில் அதுவும் போய், ‘தமிழ்க் கூலி’ என்று அச்சிட்டு விற்றார்கள்.

திருவிதாங்கூரிலும் நல்ல புகைப்படக்காரர்கள் இருந்தார்கள். சக்கரியா டி குரூஸ் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் தொகுத்த ஆல்பம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அரண்மனைகள், அருவிகள், கோயில்கள் எனப் பார்க்கப் பார்க்க அழகு. ஆனால் சமஸ்தானத்துக்குக் காட்டிக்கொள்ள வேண்டியவை அவை. லயத்து வாசலில் பேன் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு பெண்களுக்காக அவ்வளவு பெரிய கேமராவை யார் மலை ஏற்றியிருப்பார்கள்?

மலையின் அந்தப் பக்கத்தையும் நினைத்துக்கொண்டேன். அகத்தியர் மலையின் மேற்குச் சரிவில் கரமனை என்றால் கிழக்குச் சரிவில் தாமிரபரணி. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் விசையை நம்பி அங்கே பஞ்சாலை வைத்தார்கள். மில் சங்கு ஊதும்போது எழுந்து, சங்கு ஊதும்போது சோறு பொங்கி, ஆற்றில் குளித்து வளர்ந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். அந்த ஊர் வீடுகளில், ஓய்வுபெற்ற நாளில் மாலையோடு எடுத்த படம் இன்னும் சுவரில் இருக்கும். அதற்கும் மேலே மாஞ்சோலை. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த காடு; 2024-இல் தோட்ட வேலை நின்று, நான்காம் தலைமுறைக் குடும்பங்கள் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கின. ஒரு குடும்பம் மலையை விட்டு இறங்கும்போது படங்கள் என்ன ஆகின்றன என்று நமக்குத் தெரியும். சட்டம் உடையும், கண்ணாடி பரணுக்குப் போகும், தாளில் பூஞ்சை ஏறும். பிறகு ஒரு நாள் பேரப் பிள்ளை எடுத்துப் பார்த்து, “இது யாரு?” என்பான்.

இதை எழுதுவது உங்களிடம் ஒன்று கேட்கத்தான். போனக்காடு, மாஞ்சோலை, வால்பாறை, மூணாறு, நீலகிரி, மலையகம், பாபநாசம், எந்தத் தோட்டத்து வீடானாலும், எந்த மில் ஊரானாலும், உங்கள் டப்பாவைத் திறங்கள். நல்ல படம், தெளிவான படம் என்று தேர்ந்தெடுக்க வேண்டாம். பின்னணியில் கொடிக்கயிற்றில் துணி காய்கிறதா, திண்ணையில் ரேடியோ இருக்கிறதா, யார் காலில் செருப்பு இருக்கிறது, யார் காலில் இல்லை, இவைதான் எனக்கு வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடித் தேடி மின்படிகளாக்கினார்கள். வீட்டுச் சுவரும் தகர டப்பாவும் அப்படி ஒரு வேலைக்குக் காத்திருக்கின்றன.

மூலப் படத்தை அனுப்பிவிடாதீர்கள். கைபேசியில், பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் எடுத்து அனுப்பினால் போதும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவே கூடாது, மேலே இருக்கும் சாயம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு வெளியே இருந்தே எடுங்கள். பசைத்தாள் ஆல்பத்தில் சிக்கியதையும் அப்படியே விட்டுவிடுங்கள். பெயரை எழுதப் பேனா வேண்டாம். மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்பக்கத்து ஓரத்தில்.

அதற்கு முன், வீட்டில் மூத்தவர் யார் இருக்கிறாரோ அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். இடமிருந்து வலமாகக் கேளுங்கள். பட்டப்பெயரானாலும் எழுதுங்கள், ‘அஞ்சாம் நம்பர் லயத்துக்காரி’ என்றாலும் எழுதுங்கள். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது என்பதையும் அப்படியே எழுதுங்கள்.

அந்தப் பன்னிரண்டு பேர் படத்தை இந்த இதழில் நீங்கள் பார்க்க முடியாது. அதில் இருப்பவர்களின் பிள்ளைகள் கொல்லத்திலும் தென்காசியிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டு, சரி என்றவர்களின் பெயரோடுதான் அச்சிடுவேன்.

இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமை காலையில் தொலைபேசி அடித்தது. பக்கத்து வீட்டுப் பையனின் போனிலிருந்து பாட்டி. வணக்கம்கூடச் சொல்லவில்லை. சிரிக்கிறவளின் பெயரைச் சொன்னார். நான் தப்பாக எழுதிவிடுவேனோ என்று மறுபடி ஒரு முறை சொன்னார். “ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல சார், விடியக்காலம் அடுப்புப் பத்த வைக்கையில வந்துட்டு” என்றார். அவள் ஏன் சிரித்தாள் என்று கேட்டேன். படம் எடுக்க வந்தவர் கறுப்புத் துணிக்குள்ளே தலையை விட்டதும் கூடைக்குள் இருந்த அட்டை ஒன்று அவர் கழுத்தில் ஏறியதாம். அதை அவள் ஒருத்திதான் பார்த்தாளாம்.

அன்புடன்,
ஆசிரியர்