அந்த இருவரின் வீடு



காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நெசவுக்குத் தார் சுற்றியபடியே பேத்தியோடு டி.வி. பார்க்கிறவர். இரண்டு பெண்கள் சேர்ந்து குடும்பம் நடத்துவதையெல்லாம் வீட்டுக்குள் காட்டத்தான் வேண்டுமா என்று கேட்கிறார். கடிதத்தில் கோபம் இல்லை, கவலைதான் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்தை அவருக்கே எழுதுகிறேன்.

அம்மா, ஆணை நேசிக்கும் ஆணையும் பெண்ணை நேசிக்கும் பெண்ணையும் நம் திரை ஏற்கெனவே காட்டியிருக்கிறது. காட்டிய விதம்தான் என் வருத்தம். 'வேட்டையாடு விளையாடு' (2006) படத்தின் கொலைகாரர்கள் இருவரையும் இழிவுபடுத்த, அவர்களுடைய உறவையே கதாநாயகன் வசவாக்குகிறான். 'கோவா' (2010) கொஞ்சம் பரிவு காட்டியது. அங்கும் பெரும்பாலும் சிரிப்புக்காகத்தான். வில்லன் அல்லது கோமாளி. இந்த இரண்டையும் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தன் மனம் வேறு மாதிரி என்று தெரியவரும்போது, அது யாரிடம் போய்ச் சொல்லும்?

2023-இல் மலையாளத்தில் 'காதல் தி கோர்' வந்தது. ஊராட்சித் தேர்தலில் நிற்கும் நடுத்தர வயதுக் குடும்பஸ்தராக மம்மூட்டி. விவாகரத்து கேட்கும் மனைவியாக ஜோதிகா. அவர்களுக்குக் கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள், வயதான அப்பா இருக்கிறார். கணவன் ஆணை நேசிப்பவர் என்ற உண்மையை மறைத்து நடத்தும் கல்யாணத்தில் ஒரு பெண்ணின் இருபது வருடம் எப்படிக் கரைகிறது என்பதைச் சத்தம் போடாமல் சொன்ன படம். நம் நெடுந்தொடர்களில் இந்த நிதானத்தை இன்னும் நான் பார்க்கவில்லை.

நிஜ வாழ்க்கை தொடர்களை முந்திவிட்டது. நமக்குப் பக்கத்து வேலூர்ப் பகுதியைச் சேர்ந்த 25 வயதுப் பெண்ணை வீட்டார் அடைத்து வைத்தார்கள். அவருடைய இணை ஆட்கொணர்வு மனு போட்டார். மனுவில் தன்னைத் தோழி என்று மட்டும் குறிப்பிடத்தான் அவருக்குத் துணிவு வந்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணை விடுவித்தார்கள். குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழியல்ல, தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள். தன்பால் திருமணத்தை உச்ச நீதிமன்றம் 2023-இல் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். தன்பால் ஈர்ப்புள்ள மகனை அப்படியே ஏற்று அவனுக்காக எழுதவும் செய்த மறைந்த நீதிபதி லீலா சேத்தை நினைவுகூர்ந்து, எல்லாப் பெற்றோரும் அவரைப் போல இருந்துவிடுவதில்லை என்றும் பதிவு செய்தார்கள்.

முகூர்த்தப் பட்டு நெய்து பிழைக்கும் ஊர் நம்முடையது. கல்யாணத்தின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் நம் வீடுகளே ஒரே வார்ப்பில் இல்லையே. கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். கரை நாடாவைத் தள்ள ஒரு வீட்டில் மனைவி, இன்னொரு வீட்டில் கணவனை இழந்த அக்கா, வேறொரு வீட்டில் கூலிக்கு வந்து அங்கேயே சாப்பிட்டு வளர்ந்த பையன்.  இவர்களையெல்லாம் குடும்பம் என்றுதானே சொல்கிறோம்?

தொடர் எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: சேர்ந்து குடும்பம் நடத்தும் அந்த இரண்டு பெண்களையும் ஒரு சாதாரண வாடகை வீட்டில் காட்டுங்கள். கரண்ட் பில் கட்டட்டும், சண்டை போடட்டும், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கட்டும். அம்மா, உங்கள் பேத்தி அதைப் பார்த்துக் கேள்வி கேட்டால் சேனலை மாற்றாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

தன் மனம் வேறு மாதிரி என்று உணர்ந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். விருப்பமில்லையென்றால் பெயர் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்