'டன்ஸ்' என்னும் வசைமொழி

ஆங்கிலம் பயிலும் மாணவருள் 'டன்ஸ்' என்னும் சொல்லை அறியாதார் அரியர். எத்துணை முறை கற்பிப்பினும் கல்லாத மந்தமதியன் என்பது அதன் பொருள். இச்சொல் மூடன் ஒருவன் பெயரினின்று பிறந்திருப்பின் வியப்பில்லை. ஐரோப்பாவின் மிகக் கூரிய மதியினர் ஒருவர் பெயரினின்று பிறந்ததே விந்தை.

ஸ்காத்லாந்து தேசத்து ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்பார் பிரான்சிஸ்கன் சபைத் துறவி. 1291-ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்று, ஆக்ஸ்போர்டிலும் பாரிஸிலும் போதித்து, 1308-இல் ஜெர்மானிய நகராகிய கொலோனில் காலமானார். 'நுண்மதி ஆசிரியர்' என்பது கற்றோர் அவருக்களித்த பட்டம். இரு நூற்றாண்டு அவர்தம் நூல்கள் சர்வகலாசாலைகளில் ஆட்சி செலுத்தின. பின்னர்க் கிரேக்கமும் எபிரேயமும் கற்கவேண்டுமென்னும் புதுக்கல்வியாளர் தோன்றினர். டன்ஸின் வழிவந்தோர் அதனை எதிர்த்து நிற்கவே, மறுகட்சியார் அவர்களை 'டன்ஸ்கள்' என எள்ளினர். வீண் தர்க்கம் பேசுவோன் என்று முதலிற் பொருள்பட்ட அச்சொல், 16-ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே அறிவு மழுங்கியோன் என்றாயிற்று.

1535-இல் எட்டாம் ஹென்றி அரசரின் அதிகாரிகள் ஆக்ஸ்போர்டைப் பார்வையிட்டனர். அவருள் ஒருவரான ரிச்சர்ட் லேட்டன், தாமஸ் கிராம்வெல்லுக்கு வரைந்த நிருபத்தைக் கேண்மின்: நியூ காலேஜின் முற்றமெங்கும் டன்ஸின் ஏடுகள் காற்றிற் பறந்தனவாம்; பக்கிங்காம்ஷயர்க் கனவான் ஒருவர் அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். படித்தற்கன்று, மான்கள் காட்டைவிட்டு அகலாவண்ணம் வெருட்டுதற்காம்! எழுதியவர்க்கு இதிற் சிறிதும் வருத்தமில்லை.

டிக்கன்ஸ் 1840-இல் எழுதத் தொடங்கிய நாவலொன்றில், கிராமப் பள்ளியின் பிரம்புக்கருகே பழைய செய்தித்தாளாற் செய்த 'டன்ஸ் தொப்பி' இருக்கக் காண்கிறோம். கூம்புத் தொப்பி அறிவை வளர்க்குமென டன்ஸே சொன்னாரென்று ஒரு கதை வழங்குகிறது. அதற்கு நம்பத்தக்க சான்றில்லை.

மொழிப் பயிற்சியைத் தடுத்தாரைக் கடிந்த மட்டில் நாமும் புதுக்கல்வியாளர் கட்சியே. ஆனால் அவர்கள் எதிர்த்தது கற்றறிந்த பண்டிதரை. நம் வகுப்பறைகளில் அச்சொல் யார்மேல் விழுகின்றது? தமிழ்ப் பாடசாலையிற் பயின்று வந்து, ஆங்கிலத்திற் கேட்ட வினாவுக்கு வாய்திறவாது நிற்கும் முதல் வருஷ மாணவன்மேல் அன்றோ! அவனுக்குக் குறைவது மொழி, மதியன்று. அவ்வினாவையே தமிழிற் கேட்டால் பெரும்பாலும் விடை சொல்லிவிடுவான். ஆசிரியப் பெருமக்கள் அவ்வாறு ஒருமுறை கேட்டுப் பார்க்குமாறும், பின் பெஞ்சியிலிருந்து நகைக்கும் தோழர்கள் அவ்விடை வரும்வரை பொறுக்குமாறும் வேண்டுகிறோம்.