டீக்கடை ஏலக்காயும் மலைக்காரன் கணக்கும்

 

போடியில் டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் நாட்டு நடப்பு முழுக்கத் தெரிந்துவிடும். மனு டைப் அடிக்க இறங்கி வந்த அன்று அப்படித்தான் உட்கார்ந்தோம். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி எங்கள் கையில் இருந்த ஏலச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்ணே, ஏலக்காய் வெல எங்கேயோ போயிருச்சாமே. குரங்கணிக்காரங்க எல்லாம் பங்களா கட்டிட்டீங்களா?"

அவர் கையில் ஏலக்காய் டீ. எங்கள் கையில் கட்டன். ஏலக்காய் விளைவிக்கிறவன் ஏலக்காய் தட்டிப்போட்ட டீ குடித்து நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. அது விற்கிற காய், குடிக்கிற காய் இல்லை.

தம்பி மேல் நமக்குக் கோபம் கிடையாது. பேப்பரில் வருவது அப்படி. 2019 ஆகஸ்ட் 3-ஆம் தேதி புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. எல்லாப் பேப்பரிலும் வந்தது, டிவியிலும் காட்டினார்கள். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஐந்து காய் நிற்கும். கணக்குப் போட்டால் ஒரு காய் ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. தங்கம் விளையுது மலையில என்றார்கள். ஏன் அந்த விலை வந்தது என்று எத்தனை பேர் எழுதினார்கள்? 2018 ஆகஸ்ட் பெருமழையில் இடுக்கியிலும் நம் பக்கத்திலும் செடி அழுகிச் சரிந்தது. மிஞ்சியதை அடுத்த கோடை காய்ச்சல் கருக்கியது. சரத்தில் காய் இல்லாததால் வந்த விலை அது. பத்து மூட்டை எடுக்கிற தோட்டத்தில் ஒரு மூட்டை எடுத்தவனுக்கு 7,000 என்ன, பத்தாயிரம் என்ன? அந்த உச்ச விலையும் ஏதோ ஒரு நல்ல போல்டு காய்க்கு, ஒரு நாள் கிடைத்ததுதான்.

அதை நம்பி நம்மாட்கள் என்ன செய்தார்கள்? காப்பியைப் பிடுங்கினார்கள், எலுமிச்சையைப் பிடுங்கினார்கள், மோட்டார் போட்டார்கள், நகையை வைத்துக் கன்று வாங்கி நட்டார்கள். நாங்களும் நட்டோம், மறைக்க என்ன இருக்கிறது. நட்ட செடி காய்க்கிற நேரத்தில், 2022-ல், ஏலத்தில் சராசரி ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. அப்போது எந்தச் சேனல்காரரும் ஜீப் பிடித்துக் குரங்கணிக்கு ஏறி வரவில்லை. 2024 கோடையில் மறுபடி மழை ஏமாற்றி செடி காய்ந்தது, மறுபடி விலை ஏறியது. தம்பி படித்த செய்தி இந்த ஏற்றத்தைத்தான். காய் இருக்கும்போது விலை இல்லை, விலை இருக்கும்போது காய் இல்லை.

பச்சைக்காய் ஏறத்தாழ ஐந்து கிலோ எடுத்தால்தான் உலர்ந்தது ஒரு கிலோ. எடுப்புக் கூலி, ஸ்டோரில் உலர்த்துகிற செலவு, உரம், மருந்து, கவாத்து, ஜீப் வாடகை இவ்வளவும் போக மிஞ்சுவதுதான் நம்முடையது. இதில் விலையைச் சொல்கிற உரிமை மட்டும் நமக்கு இல்லை. 2007-ல் போடிக்குக் கம்ப்யூட்டர் ஏலம் வந்தபோது நாம் சந்தோஷப்பட்டோம். துண்டுக்குள் விரல் பிடிக்கிற காலம் போச்சு, பொத்தானை அமுக்கினால் எல்லாம் வெளிச்சம் என்றார்கள். வெளிச்சம் வந்ததென்னவோ உண்மை. ஆனால் ஏலத்தில் எடுத்த காயையே வியாபாரி மறுபடி ஏலத்தில் கொண்டு வந்து வைக்கிறார், அதற்கு ரீ-பூலிங் என்று பெயர். வரத்து அதிகம் என்று திரையில் தெரியும், விலை இறங்கும். நம் புதுக்காயும் அவர்களுடைய பழைய காயும் ஒரே வரிசையில் நிற்கும். விவசாயி கொண்டு வருகிற காய்க்குத் தனி ஏலம் வை என்று எத்தனை வருஷமாகக் கேட்கிறோம்! ஸ்பைசஸ் போர்டு 1987-ல் தொடங்கியது. அதற்கு இந்நேரம் பேரன் பேத்தி எடுக்கிற வயசு நெருங்கிவிட்டது, இந்தச் சின்ன விஷயத்துக்கு இன்னும் ஒரு முடிவு கட்ட முடியவில்லையா?

சரி, இப்போது நமக்கே கசக்கிற விஷயத்துக்கு வருகிறோம்.

2023 ஜனவரியில் சபரிமலை அரவணை விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது ஞாபகம் இருக்கும். அதில் போட்ட ஏலக்காயில் அனுமதித்த அளவுக்கு மேல் பூச்சிமருந்து இருக்கிறது என்று பரிசோதனை சொன்னது. 6,65,000-க்கு மேல் டின் முடங்கியது. மறுநாளிலிருந்து ஏலக்காய் இல்லாமலே அரவணை காய்ச்சினார்கள். இதைக் கவனியுங்கள்: ஏலக்காய் இல்லாமல் பிரசாதம் செய்யலாம் என்று ஊருக்கே தெரிந்து போனது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்குப் போட்டவர் முன்பு ஏலக்காய் சப்ளை செய்தவர், போட்டி வியாபாரம் என்றெல்லாம் பேசினார்கள். பேசட்டும். டின் வீணானது வீணானதுதான், ஏலக்காய்க்கு வந்த பெயரும் வந்ததுதான். கார்த்திகை மாதம் மாலை போட்டுக் கம்பம், குமுளி வழியாக நடக்கிற நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்த டின்னைத்தான் வாங்கி வருகிறார்கள்.

அதற்கு முன்பே, 2018 வாக்கில், சவூதிக்காரர் மருந்து எச்சத்தைக் காட்டி நம் காயைத் தள்ளினார். அரபு நாட்டில் காப்பியில் ஏலக்காய் போடாமல் விருந்தாளிக்குக் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவு பெரிய சந்தை. அந்த இடத்தில் குவாத்தமாலா காய் உட்கார்ந்துகொண்டது. குவாத்தமாலா கதை ஒரு வேடிக்கை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் கொண்டு போய் நட்ட செடி இன்றைக்கு உலகத்திலேயே அதிகமாக அங்கேதான் விளைகிறது. அந்த ஊர் ஜனங்கள் ஏலக்காயைச் சமையலில் அவ்வளவாகச் சேர்ப்பதில்லையாம். அவர்களும் நம் கட்டன்காரர்கள் மாதிரிதான்.

இது வியாபாரி செய்த சதி, லேப் செய்த தப்பு என்று நம் கூட்டத்தில் ஒரு பெரியவர் பேசினார். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மருந்து அடிப்பது யார்? நாம்தான். ஏன் அடிக்கிறோம் என்பதைத்தான் பேச வேண்டும். எடுப்புக்கு நாலு நாள் இருக்கும்போது இலைப்பேன் சொறி விழுந்தால் காய்க்குப் பாதி விலைகூட நிற்காது. ஏலத்தில் காயைப் பார்க்கிறவர் பச்சை நிறத்தைப் பார்க்கிறார், பருமனைப் பார்க்கிறார், தோல் சுத்தமா என்று பார்க்கிறார். உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்த்து அதற்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்கிறாரா? பச்சைக்குக் காசு கொடுத்துவிட்டு, பிறகு விஷம் என்று கூச்சல் போட்டால் எப்படி?

யாரிடம் கேட்டு அடிக்கிறோம்? நம்மில் ஒருவர் டவுனில் ஒரு மருந்துக் கடைக்குப் போய்ப் பேன் விழுந்த சரத்தைக் காட்டினார். கடைக்காரர் மூன்று பாட்டிலை எடுத்து வைத்தார்.

"என்னண்ணே மூணு?"

"ஒண்ணு பேனுக்கு, ஒண்ணு தண்டு துளைப்பானுக்கு, ஒண்ணு காய் பளபளப்பா வர்றதுக்கு. சேத்துக் கலக்கி அடிங்க மாமா, எல்லாம் ஒரே கூலியில முடிஞ்சிரும்."

ஒரே கூலியில் முடியும் என்றதுதான் மாமாவுக்குப் பிடித்தது. மலைக்கு ஏறி வந்து இதை அடி, இதை அடிக்காதே, அடித்தால் இத்தனை நாள் கழித்து எடு என்று சொல்ல ஆள் வந்திருந்தால் மூன்று பாட்டில் ஒரு பாட்டிலாக ஆகியிருக்கும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு அந்த மருந்தை அடிக்கிறவரும், அடித்த சரத்தில் குனிந்து காய் எடுக்கிற தாய்மார்களும்தான் அதை முதலில் சுவாசிக்கிறார்கள். அரவணை சாப்பிடுகிறவருக்கு முன்னால் அவர்கள் நெஞ்சுக்குப் போகிறது.

2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் என்ன செய்தது தெரியுமா? இந்தியாவில் அளவு நிர்ணயிக்காத பூச்சிமருந்துகள் மசாலாப் பொருளில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்ததை 0.1 ஆக்கியது, அதாவது பத்து மடங்கு. அதே மாதம்தான் ஹாங்காங்கில் எம்.டி.எச்., எவரெஸ்ட் மசாலாக்களில் எத்திலீன் ஆக்சைடு இருக்கிறது என்று விற்பனையை நிறுத்தினார்கள், சிங்கப்பூரும் எவரெஸ்ட் மசாலா ஒன்றைத் திருப்பி எடுக்கச் சொன்னது. கம்பெனிகள் மறுத்தன. எத்திலீன் ஆக்சைடு விவசாயி அடிக்கிற மருந்து இல்லை, அறுவடைக்குப் பிறகு கிருமியைக் கொல்லப் புகையாகப் பிடிப்பது. ஆனாலும் கடைசியில் திட்டு வாங்குவது "இந்திய மசாலா".

அளவைப் பத்து மடங்கு ஏற்றியது விவசாயிக்கு நல்லதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். என்ன நல்லது? டெல்லியில் கோட்டை நகர்த்தினால் ரியாத்தில் நகருமா? ஐரோப்பாவில் நகருமா? உள்ளூர்க்காரன் வயிற்றுக்கு மட்டும் பத்து மடங்கு என்றால் அதில் நமக்குப் பெருமை இல்லை. நம் காயை வாங்கித் திங்கிறவரும் பெரும்பாலும் நம்மைப் போல மாசச் செலவை எண்ணுகிறவர்தான். பத்து கிராம் பாக்கெட் வாங்கிப் பாயசத்துக்கு நாலு காய் கிள்ளிப் போடுகிறார்.

இந்த இடத்தில் ஜி.எஸ்.டி.யையும் சொல்லிவிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்புக்கும் ஷாம்புக்கும் 18-லிருந்து 5 ஆக்கினார்கள், சேமிப்புத் திருவிழா என்றார்கள். உயிரிப் பூச்சிமருந்துகள் சிலவற்றுக்கு 12-லிருந்து 5 ஆனது, அதை வரவேற்கிறோம். ரசாயன மருந்துக்கு 18 அப்படியே. விஷத்துக்கு வரி அதிகம் இருக்கட்டுமே என்று படித்தவர்கள் சொல்லலாம், நியாயமும் இருக்கலாம். ஆனால் கம்பெனிக்காரர் கட்டிய வரியைக் கணக்குக் காட்டிக் கழித்துக்கொள்கிறார். விவசாயி யாரிடம் கழிப்பான்? உயிரி மருந்துக்கு மாற வேண்டும் என்றால் மாறுகிற இரண்டு மூன்று வருஷம் விளைச்சல் குறையும், அந்த நஷ்டத்தைத் தாங்க ஒரு கை வேண்டும். அந்தக் கையைத்தான் கேட்கிறோம்.

விவசாயிக்கு ஒன்றும் தெரியாது என்று எந்த அதிகாரியாவது சொன்னால் ஞல்லானியைக் காட்டுங்கள். இன்று மலை முழுக்க நிற்கிற அந்த ரகம் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்ததல்ல. கட்டப்பனைப் பக்கம் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தன் தோட்டத்தில் கண்ணால் பார்த்துப் பொறுக்கியெடுத்தது, அவர் வீட்டுப் பெயர்தான் அதன் பெயர்.

பாதை விஷயம் சொல்லாமல் முடித்தால் மேல்மலைக்காரர்கள் நம்மை விட மாட்டார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பி வழி போட்டு மூணாறு தேயிலைப் பெட்டியை இறக்கினார். இங்கிருந்து போடி, தூத்துக்குடி, கப்பல். 1924 வெள்ளத்தில் மேலே இருந்த ரயில் அழிந்தது. தேயிலைப் பெட்டி அந்தரத்தில் பறந்த அதே சரிவில், பிரசவ வலி எடுத்த பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ரோடு கேட்டு நம் அப்பாக்கள் மனு எழுதினார்கள், நாமும் எழுதுகிறோம், வனத்துறை, வருவாய்த்துறை என்று காகிதம் மட்டும் நன்றாக மலை ஏறுகிறது. 2018 மார்ச் 11-ல் காட்டுத்தீயில் 23 உயிர் போனபோதுதான் குரங்கணி என்ற பெயர் நாட்டுக்குத் தெரிந்தது. கருகிய பிள்ளைகளைத் தோளில் போட்டு முதலில் இறக்கியது நம் ஆட்கள். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு பாதையும் இருக்கிறது. வருகிறவர்கள் வரட்டும், பத்திரமாகப் போகட்டும். பார்க்க வருகிறவருக்குக் காட்டில் வழி கிடைக்கும்போது, அங்கேயே பிறந்தவனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று மட்டும் கேட்கிறோம். போடி ரயிலை 2010 கடைசியில் நிறுத்தி 2023 ஜூன் 15-ல்தான் திரும்ப விட்டார்கள். பன்னிரண்டரை வருஷம் விடாமல் கேட்டதால் வந்தது அது.

ஆகவே இந்த முறை நாம் போடிக்கு இறங்குவது விலையைக் கூட்டு என்று மட்டும் கத்துவதற்கு அல்ல. விவசாயி காய்க்குத் தனி ஏலம். ஏலத்துக்கு முன்பே சிறு விவசாயி தன் காயைப் போடியிலேயே இலவசமாகச் சோதித்துச் சீட்டு வாங்க வழி. மருந்து எச்சம் இல்லாத காய்க்குக் கூடுதல் விலை. மலை ஏறி வந்து ஆலோசனை சொல்ல ஆள். மேல்மலைக்கு ரோடு. இதில் முதல் கோரிக்கை சில வியாபாரிகளுக்குப் பிடிக்காது, இரண்டாவது நம்மில் சிலருக்கே பிடிக்காது. தெரிந்தேதான் எழுதியிருக்கிறோம்.

நாளும் நேரமும் பின் அட்டையில் இருக்கிறது. வரும்போது வெறுங்கையோடு வராதீர்கள். கடைசி மூன்று வருஷத்து ஏலச் சீட்டு, மருந்துக்கடை ரசீது, உரக்கடை ரசீது எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். ரசீது கொடுக்காத கடையாக இருந்தால் காலி பாட்டிலையாவது கொண்டு வாருங்கள், மூடியை நன்றாகத் திருகி, பையில் தனியாக. மனுவோடு சேர்த்து மேஜை மேல் வைப்போம்.