எந்தத் தோட்டா நல்லது என்று கேட்பவர்களுக்கு

வேப்பம்பட்டிலும் திருநின்றவூரிலும், அந்தப் பக்கம் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும், ஷிப்டு விட்டு வரும் இளைஞர்களிடையே ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. செல்போனில் அமெரிக்கக்காரன் ஒருவன் மேஜை மீது ரகம் ரகமாகத் தோட்டாக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, தற்காப்புக்கு எது உகந்தது, எது ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கும் என்று பாடம் நடத்துகிறான். நம் பையன்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். "நம் நாட்டிலும் ஆளுக்கொரு கைத்துப்பாக்கி கொடுத்துவிட்டால் ரவுடி பயம் ஒழிந்துவிடும்" என்று படித்த கனவான்கள் சிலரும் தாளம் போடுகிறார்கள்.

பயம் பொய்யல்ல. இரவு ஷிப்டு முடிந்து, விளக்கில்லாத பாதையில், சம்பளப் பணத்தை மடியில் வைத்துக்கொண்டு நடந்து வருகிறவனுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். கம்பெனிக் கேட்டில் சங்கக் கொடி ஏற்றியவனுக்கும், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளிக்கும் பயம் உண்டு. அந்தப் பயத்தை நாம் கேலி செய்யவில்லை. அந்தப் பயத்துக்கு மருந்து என்று சொல்லி விற்கப்படுகிற சரக்கு எது, அதனால் யாருக்கு லாபம் என்பதுதான் நம் கேள்வி.

விரியும் தோட்டாவின் பூர்வீகம்

அமெரிக்கக்காரன் சிபாரிசு செய்யும் தோட்டா எது? முனையில் குழியுள்ள தோட்டா. உடலில் பாய்ந்ததும் அது பூப்போல விரியும். உள்ளே பெரிய காயம் செய்யும். உடலைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்கும் நிரபராதியைத் தாக்காமல் உள்ளேயே நின்றுவிடும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை.

ஆனால் விரியும் தோட்டாவின் பூர்வீகம் நம் நாடு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்னும் ஊரில் வெள்ளைக்காரனின் ஆயுதச் சாலை இருந்தது. 1890களில் அங்கே செய்யப்பட்ட விரியும் தோட்டாவுக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்தது. எல்லைப்புற மலைவாசிகள் மீது சுடுவதற்காகச் செய்தது அது. 1899-ல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், யுத்தத்தில் இத்தகைய தோட்டாவைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் செய்தன. பிரிட்டிஷ் பிரதிநிதி எதிர்த்தார். நாகரிக நாட்டுச் சிப்பாய் சாதாரணக் குண்டு பட்டால் விழுந்துவிடுவான், 'காட்டுமிராண்டி' விழமாட்டான் என்பது அவருடைய வாதம். அந்தக் 'காட்டுமிராண்டி' யார்? நம் பாட்டன்மார்தான்.

யுத்தகளத்தில் எதிரிச் சிப்பாய் மீது சுடக்கூடாது என்று விலக்கிய வகைத் தோட்டா இன்று அமெரிக்காவில் கடைச்சரக்கு. இவ்வளவு துப்பாக்கி வைத்திருந்தும் அந்த நாட்டு மக்கள் பாதுகாப்பாக இருக்கிறார்களா? 2021-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலைகள். திருடனுக்காக வாங்கி வைத்த துப்பாக்கி, கடன் தொல்லையும் மனக்கஷ்டமும் வந்த நேரத்தில் வீட்டுக்காரன் பக்கமே திரும்பியிருக்கிறது.

சட்டம் என்ன கேட்கிறது?

நம் நாட்டில் கடைக்குப் போய்த் தோட்டா பொறுக்க முடியாது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். 9 மில்லிமீட்டர், .303 போன்ற ராணுவ, போலீஸ் ரகங்கள் சாமானியர்களுக்குத் தடை செய்யப்பட்டவை. உரிமம் பெற்றவனும் அதில் எழுதிய ரகத்துக்கான தோட்டாவைத்தான், எழுதிய எண்ணிக்கைக்குள்தான் வாங்கலாம்.

"ஒரு நாட்டுத் துப்பாக்கி கிடைக்கும், மலிவாக முடித்துத் தருகிறேன்" என்று சொல்லி வருகிறவனை நம்பும் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். உரிமமில்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை, அபராதம் வேறு. தடை செய்யப்பட்ட ரகமானால் 7 வருடத்துக்குக் குறையாது. துப்பாக்கியே இல்லாமல், தெரிந்தே தோட்டாவை மட்டும் பையில் வைத்திருந்தாலும் குற்றந்தான். சங்கத்தில் முன்நிற்கும் ஒரு தொழிலாளியின் பெட்டியில் ஒரு தோட்டா கிடந்தால் போதும்; முதலாளி கேட்காமலே அவனுக்கு வேலை நீக்க உத்தரவு தயார்! அவனை உள்ளே தள்ள வேறு வழக்கு ஜோடிக்க வேண்டியதில்லை.

தற்காப்பு உரிமைக்கு மட்டும் உரிமம் தேவையில்லை. அது கைத்தடி வைத்திருப்பவனுக்கும் உண்டு, வெறுங்கை உடையவனுக்கும் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையாக எண் மாறியிருக்கின்றன, சாரம் மாறவில்லை. உயிருக்கோ, படுகாயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால், பெண்ணைப் பலாத்காரம் செய்ய வந்தால், ஆளைக் கடத்த வந்தால், திராவகம் வீச வந்தால், எதிர்ப்பவனின் அடியில் வந்தவன் செத்தாலும் குற்றமில்லை. குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பவனைத் தடுக்கும்போதும் அப்படியே.

எல்லையும் உண்டு. போலீஸ் உதவி பெற அவகாசம் இருந்தால் இந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. ஆபத்து விலகியதும் உரிமையும் முடிந்தது. ஓடுகிறவனைத் துரத்தி வெட்டினால் அது தற்காப்பல்ல. தற்காப்பு என்பது தடுப்பதற்கே அன்றிப் பழிவாங்குவதற்கல்ல என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவனுடையது. ஆனால் அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கக் கூடியதே என்று கோர்ட் ஏற்கும் அளவுக்குக் காட்டினால் போதும்.

ஆகவே கோர்ட்டு முதலில் கேட்பது தோட்டாவின் ரகத்தை அல்ல. என்ன ஆபத்து வந்தது, எவ்வளவு அருகில் வந்தது, எத்தனை தடவை சுட்டாய், உடலின் எந்தப் பாகத்தில் சுட்டாய் என்றுதான் கேட்கும். 'அதிகமாகக் கொல்லும்' தோட்டாவைத் தேடிப் பிடித்தவனுக்கு அந்தத் தேர்வே விரோத சாட்சியாகவும் ஆகலாம். அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்தில் 2004-ல், மலைப்பாதையில் தன்னை நோக்கி ஓடி வந்தவனைச் சுட்டுக் கொன்ற ஒருவருக்கு அதுதான் நேர்ந்தது. அவருடைய துப்பாக்கியின் வலுவும் குழித் தோட்டாவும் விசாரணையில் பெரிதாக அடிபட்டன. தண்டனை விழுந்தது. 2009-ல் மேல் கோர்ட்டு அதை ரத்துச் செய்யும் வரை அவர் சிறையில் இருந்தார். துப்பாக்கிக் கலாசாரம் தழைத்த நாட்டிலேயே கதை இதுதான்!

உரிமம் யார் கையில்?

"அப்படியானால் சட்டப்படி உரிமம் வாங்கிக்கொள்ளலாமே" என்பார்கள். வாங்கலாம்! சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. ஏட்டில் எவ்வளவு அழகான சமத்துவம்! 2014-ல் சர்க்காரின் கான்பூர் தொழிற்சாலை பெண்களின் தற்காப்புக்கென்றே 'நிர்பீக்' என்ற .32 ரகக் கைத்துப்பாக்கியை வெளியிட்டது. விலை என்ன? 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்கு மேல். டெல்லியில் பஸ்ஸில் நாசமாக்கப்பட்ட பெண்ணின் நினைவாகப் பெயராம்! பஸ்ஸில் போகிற எந்தப் பெண்ணால் அதை வாங்க முடியும்? அந்தப் பெண்ணுக்கு வேண்டியது பத்திரமான பஸ்ஸா, லட்ச ரூபாய்த் துப்பாக்கியா?

1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களை நிராயுதபாணிகள் ஆக்கியது; வெள்ளையர்களுக்கு விலக்குக் கொடுத்தது. வெள்ளையன் போனான். ஆனால் கிராமத்தில் உரிமத் துப்பாக்கி யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று நம் விவசாயத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏழைக்கே சர்க்கார் துப்பாக்கி கொடுத்தால் என்ன நடக்கும்? அதையும் பார்த்தாயிற்று. சத்தீஸ்கரில் ஆதிவாசி வாலிபர்களை மாதம் 3,000 ரூபாய்க்குச் சிறப்புப் போலீஸ் ஆக்கி, கையில் துப்பாக்கியைத் திணித்து, சொந்த ஜனங்களுக்கு எதிராகவே நிறுத்தினார்கள். 2011 ஜூலை 5-ல் உச்ச நீதிமன்றம் இது அரசியல் சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தது. இருந்தும் பாடம் படித்தார்களா? 2025 மே மாதம் அஸ்ஸாம் மந்திரிசபை, சில பகுதிகளில் 'மண்ணின் மைந்தர்களுக்கு' ஆயுத உரிமம் வழங்கத் தீர்மானித்தது. பக்கத்து வீட்டு ஏழையைக் கண்டு பயப்படு என்பதல்லவா அதன் பொருள்?

இரண்டு தராசு

1988 மார்ச் 15-ல் பாரத் பந்த். கேரளத்தில் மாவு மில் நடத்தியவரின் வளாகத்துக்குள் பந்த் ஆதரவாளர்கள் நுழைந்தார்கள். உள்ளேயிருந்து சுடப்பட்டதில் இரண்டு பேர் மாண்டார்கள். கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் தண்டித்தன. 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆபத்தில் சிக்கியவன் அந்தக் கணத்தில் செய்ததைத் தங்கம் நிறுக்கும் தராசில் நிறுக்கக் கூடாது என்பது கோர்ட்டு சொன்ன தத்துவம்.

அந்தத் தத்துவத்தை நாம் மறுக்கவில்லை. உயிருக்குப் பயந்தவன் கையில் அளவுகோல் இருக்காது என்பது மெய்தான். அதே தராசு நமக்கும் தூக்கப்படுகிறதா என்றே கேட்கிறோம்.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரிக்குள் மிராசுதார்களும் அவர்கள் ஆட்களும் துப்பாக்கியோடு வந்தார்கள். குண்டுக்குத் தப்பி ஒரு சிறு குடிசையில் ஒதுங்கிய பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் 44 பேரை வைத்துப் பூட்டிக் கொளுத்தினார்கள். குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பவனைக் கொன்றாலும் குற்றமில்லை என்று அன்றைய சட்டத்தின் 103-ஆம் பிரிவு சொல்லிற்று. அந்த 44 பேருக்கும் அந்த உரிமை பூரணமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அவர்கள் எரிந்தார்கள்! 1970-ல் நாகப்பட்டினம் கோர்ட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட 8 பேருக்கு 10 வருடச் சிறை விதித்தது. 1973-ல் சென்னை ஹைகோர்ட்டு எல்லாரையும் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய நிலக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்!

பீகாரில் லட்சுமண்பூர் பாத்தேயில் 1997 டிசம்பர் 1 இரவு நிலப்பிரபுக்களின் ரன்வீர் சேனை 58 பேரைச் சுட்டுக் கொன்றது. கீழ்க்கோர்ட்டு தண்டித்த 26 பேரையும் 2013-ல் பாட்னா ஹைகோர்ட்டு விட்டுவிட்டது.

சொத்துள்ளவன் பயந்தால் அது தற்காப்பு. சொத்தில்லாதவன் செத்தால் அது சாட்சியமில்லாத வழக்கு. தராசின் முள் இப்படிச் சாய்ந்திருக்கும்போது, எந்தத் தோட்டா நல்லது என்று தம்பிகள் விவாதித்து என்ன பயன்? துப்பாக்கிப் போட்டியில் ஏழை என்றைக்கும் ஜெயிக்க முடியாது. அவன் ஒன்று வாங்கினால் எதிரி பத்து வாங்குவான். அவன் சுட்டால் கொலை வழக்கு, எதிரி சுட்டால் தற்காப்பு.

நாம் கேட்க வேண்டியது

கேட்பதற்குச் சட்டத்திலேயே ஒரு விதி கிடக்கிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதன் 3-ஆம் விதி, கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளைச் சர்க்கார் கண்டறிய வேண்டும் என்கிறது. அங்கே அந்த வகுப்பினர் அல்லாதாரின் துப்பாக்கி உரிமங்களை ரத்துச் செய்து ஆயுதங்களை சர்க்கார் கிடங்கில் வைக்க வேண்டும், கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்கிறது. அவசியமானால் அந்த ஜனங்களுக்கே உரிமம் தரலாம் என்றும் சொல்கிறது. முதல் வேலை பறிப்பது, கொடுப்பது பிறகு. இந்த விதியின்படி நம் ஜில்லாவில் எத்தனை உரிமங்கள் ரத்தாயின? கலெக்டரிடம் இந்தக் கணக்கைக் கேட்போம். ஒவ்வொரு கிராமக் கிளையும் மனுக் கொடுக்கட்டும்.

தொழிற்பேட்டைத் தோழர்கள் கேட்க வேண்டியது வேறு. ரயில் நிலையத்திலிருந்து குடியிருப்பு வரை விளக்கு. இரவு ஷிப்டுக்குக் கம்பெனி பஸ், பெண்களுக்கு வீட்டு வாசல் வரை. கேட்டில் கூலிப்படை நிற்பதற்கு முடிவு. தோட்டாவை விட இவை மலிவு. தவறான ஆளைக் கொல்வதுமில்லை. பஸ் வரும் வரை ஒரே பாதையில் போகிறவர்கள் ஒன்று சேர்ந்து நடக்கட்டும். யாரையாவது போலீஸ் பிடித்துப் போனால் அதே இரவில் வக்கீலோடு ஸ்டேஷனுக்குப் போகச் சங்கம் ஆள் வைத்திருக்கட்டும். தற்காப்புப் பிரிவுகளைச் சங்கக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுவோம்.

தோட்டா விற்பவனுக்கு நாம் தனித்தனியாகப் பயப்பட வேண்டும்; முதலாளிக்கும் அதுவே வேண்டும். தம்பிகளே, செல்போனை மடித்து வையுங்கள். மனுவில் கையெழுத்துப் போட வாருங்கள்!