எந்தத் துணி எந்த வேலைக்கு?

ஜாக்கெட் தைத்த மிச்சம், பிள்ளைகளின் பழைய சட்டை, கிழிந்த வேஷ்டி என்று எல்லார் வீட்டிலும் ஒரு துணி மூட்டை இருக்கும். "என்றைக்காவது உதவும்" என்று பரண் மேலே போட்டு வைப்போம். அந்த மூட்டையைக் கீழே இறக்குங்கள், சகோதரிகளே! ஒரு மத்தியானப் பொழுதில் சமையலறைக்கு வேண்டிய மூன்று சாமான்களைத் தைத்துவிடலாம்.

கத்தரியை எடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

சில வருஷங்களுக்கு முன்பு பாலியெஸ்டர் புடவையில் மிஞ்சிய துண்டை வைத்து, உள்ளே ஸ்பாஞ்ச் கொடுத்து, ஓரத்தில் லேஸ் வைத்து, பாத்திரம் இறக்க ஒரு பிடிதுணி தைத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். ஒரு நாள் காலையில் என் பெண் அதைப் பிடித்துப் பால் பாத்திரத்தை இறக்கினாள். தொங்கிய லேஸ் பர்னரில் பட்டது. காட்டனும் தீப்பிடிக்கும்தான், ஆனால் உருகி ஒட்டாது. இதுவோ உருகி அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. என் மாமியார் பதறிப்போய்த் தோசை மாவை எடுத்து வந்தார். நல்ல வேளை, பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மா ஓடி வந்து தடுத்தார். மாவு, இங்க், பேஸ்ட் எதுவும் தடவக்கூடாது, ஒட்டினதைப் பிய்க்கக்கூடாது, குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்றார். அப்படியே செய்தோம். பரீட்சை சமயத்தில் பத்து நாள் அவளால் பேனா பிடிக்க முடியவில்லை. இன்றைக்கும் அந்தத் தழும்பைப் பார்த்தால் என் மனசு கேட்காது.

ஆகவே முதலில் துணியைச் சோதித்துப் பாருங்கள். நாலு இழையை உருவி இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, அதன் மேல் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பல் பொடியாக உதிர்ந்தால் காட்டன். சுருங்கி உருகி, ஆறினபின் மணி மாதிரி கெட்டியாக நின்றால் பாலியெஸ்டர் அல்லது நைலான். டெரிகாட்டனில் இரண்டும் கலந்திருக்கும். அதுவும் அடுப்பங்கரைக்கு ஆகாது.

பிடிதுணி

காட்டன் துணியை நனைத்துக் காயவைத்து, 8 அங்குலச் சதுரமாக இரண்டு வெட்டுங்கள். உள்ளே வைக்க, பழைய டர்க்கி டவலில் அதே அளவுக்கு இரண்டு. நாலையும் அடுக்கிக் குண்டூசி குத்தி, நடுவிலிருந்து ஆரம்பித்து ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு குறுக்குத் தையல் போடுங்கள். அப்போதுதான் உள்துணி சுருளாது. 16ஆம் நம்பர் ஊசியும் காட்டன் நூலும் வேண்டும். பாலியெஸ்டர் நூல் சூட்டில் உருகித் தையல் விட்டுவிடும். ஓரத்துக்குக் கிராஸ் பட்டி. ஒரு மூலையில் மாட்ட வளையம். லேஸ், குஞ்சம் எதுவும் வேண்டவே வேண்டாம்.

இரண்டு கைக்கு இரண்டாகத் தைத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள். ஈரத்துணியால் சூட்டுப் பாத்திரத்தைப் பிடிக்காதீர்கள். ஈரம் சூட்டைச் சட்டென்று கைக்குக் கடத்திவிடும்.

இட்லித் துணி

இதற்குச் சாயம் போடாத பழைய வெள்ளை வேஷ்டிதான் சரி. ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள். கஞ்சியும் நீலமும் போகும்படி கொதிநீரில் போட்டு அலசுங்கள். இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டு, சுற்றிலும் 2 அங்குலம் கூட்டி வெட்டி, ஓரத்தைக் கால் அங்குலம் இரண்டு முறை மடித்துத் தையுங்கள். பிசிறு இட்லியில் ஒட்டாது. நனைத்துப் பிழிந்து விரித்து மாவு ஊற்றுங்கள். வேலை ஆனதும் உடனே அலசி வெயிலில் காயப்போடுங்கள்.

மிக்ஸி உறை

அப்போ பாலியெஸ்டர் துண்டுகளைத் தூக்கிப் போடுவதா என்று கேட்பீர்கள். எதற்கு? அடுப்பை விட்டுத் தள்ளி இருக்கிற மிக்ஸிக்கு உறை தைக்கலாம். தூசியை உதறினால் போதும், துவைத்தால் சீக்கிரம் காயும். மிக்ஸியின் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து ஒவ்வொன்றிலும் 2 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம், மேல்பக்கம், பின்பக்கம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே நீளத் துண்டு. இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு துண்டு. துணி போதவில்லையென்றால் ஒட்டுப் போடுங்கள், அதுவும் ஒரு அழகுதான். பக்கத் துண்டுகளை இணைத்து, கீழே மிஞ்சினதை வெட்டி மடித்து அடித்தால் தீர்ந்தது. அரைத்தவுடனே உறையைப் போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, மோட்டார் ஆறட்டும்.

என் பெண்ணுக்குக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனபோது, பாத்திரங்களோடு ஒரு ஜோடி பிடிதுணியும் வைத்துக் கொடுத்தேன். வாங்கினவள் முதலில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தாள்! எனக்குச் சிரிப்பும் வந்தது, நிம்மதியாகவும் இருந்தது.